வறட்சி தாங்கும் ரகம்: எந்த வழியில் உருவாக்குவது?

வறட்சி, வெள்ளம், உப்பு ஆகியவற்றைத் தாங்கும் பயிர் ரகங்கள் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி உருவாக்குவது என்று கேட்டால்தான் சண்டை. வயலில் வைத்து வாடவிட்டு, அதிலும் விளைவதைப் பொறுக்கி எடு என்பார் ஒருவர். மரபணு தெரிந்துவிட்டது, மார்க்கர் (அந்த மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம்) உதவியோடு நல்ல ரகத்துக்குள் ஏற்றிவிடலாம் என்பார் இன்னொருவர். மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம், கணினிக் கணிப்பு என்று பட்டியல் நீளும். ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்திலோ விதைக் கூட்டுறவிலோ இருந்துகொண்டு, கைவசமுள்ள பணத்தையும் பத்து வருட உழைப்பையும் இவற்றில் எதில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்கான ஒப்பீடு இது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பயிரை எது தாக்குகிறது, எந்தப் பருவத்தில் தாக்குகிறது என்பதுதான் முறையைத் தீர்மானிக்கும். வெள்ளத்துக்கு அற்புதமாகப் பலித்த வழி வறட்சியில் பலமுறை கைவிட்டிருக்கிறது. ஏதாவது ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் ஆய்வகக் கருவி வாங்க மாட்டேன். ஒழுங்கான சோதனை வயலுக்குச் செலவழிப்பேன்.

பிழைப்பது வேறு, விளைவது வேறு

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, மற்றதெல்லாம் கருகிய பிறகும் இது மட்டும் பச்சையாக நிற்கிறது பாருங்கள் என்று படம் போடுவார்கள். பார்க்க அசத்தலாகத்தான் இருக்கும். ஆனால் வயலில் எல்லாம் கருகும் அளவுக்கு மழை பொய்த்தால், பிழைத்து நிற்கும் செடியிலும் மணி இருக்காது. விவசாயிக்கு அடிக்கடி நட்டம் வருவது அதைவிட மிதமான வறட்சியில். பூக்கும் சமயத்தில் பத்துப் பதினைந்து நாள் மழை தவறும். அல்லது பால் பிடிக்கும் நேரத்தில் மண்ணின் ஈரம் தீர்ந்துபோய் மணி சூம்பிவிடும்.

கோதுமையில் இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. டிஆர்இபி1ஏ என்ற மரபணுவை ஏற்றிய கோதுமைச் செடிகள் கண்ணாடிக் கூடத்தில், தொட்டியில், வறட்சியை அபாரமாகத் தாங்கின. மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையமான சிம்மிட் அவற்றை வயலில் வைத்துப் பார்த்தபோது, சாதாரணக் கோதுமையைவிடப் பொதுவாக அதிகம் விளையவில்லை. தொட்டியில் இருக்கும் கையளவு மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும். வயல் மண் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் காயும். இரண்டும் வேறு வேறு பரீட்சை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் பாஸியூரா 1970களில் ஒரு எளிய கணக்கைப் போட்டுக் காட்டினார். தண்ணீர் குறைந்த இடத்தில் மகசூல் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: பயிர் உறிஞ்சி இலை வழியே விட்ட தண்ணீர் எவ்வளவு, ஒவ்வொரு லிட்டருக்கும் பயிர் சேர்த்த எடை எவ்வளவு, அந்த எடையில் தானியமாக மாறிய பங்கு எவ்வளவு. இந்தக் கணக்கில் உயிர் பிழைப்பதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இலைத்துளையை இறுக மூடிக்கொள்ளும் செடி பிழைக்கும்தான். ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. முதல் எண்ணே விழுந்துவிடும். ஒரு புதிய வறட்சி மரபணுவைப் பற்றி யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைக் கூட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

இதே கணக்கில் மிக மலிவான ஒரு வழியும் உண்டு: வறட்சி வருவதற்குள் அறுத்துவிடுவது. ஹரியானாவில் உருவான எச்எச்பி 67 என்ற கம்பு வீரிய ஒட்டு ரகம் 65 நாளுக்குள் முதிர்ந்துவிடும். மழை குறிப்பாகப் பருவக் கடைசியில்தான் தவறுகிறது என்று தெரிந்தால், குறுகிய வயது ரகத்தைத் தேடுவதுதான் முதல் வேலை. மற்ற எல்லாம் அப்புறம். இதற்கும் விலை உண்டு. நல்ல மழை பெய்த வருடத்தில் நீண்ட வயது ரகம் இன்னும் ஒரு மாதம் வயலில் நின்று சேர்க்கும் மகசூலை இது விட்டுவிடும்.

வெள்ளத்தில் ஒரே மரபணு போதுமாக இருந்தது

மார்க்கர் வழிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தான் என்றாலும், முழுதாக மூழ்கினால் ஒரு வாரத்துக்கு மேல் பெரும்பாலான ரகங்கள் தாங்காது. மூழ்கிய நெல், எப்படியாவது தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிவிட வேண்டும் என்று வேகமாக நீளும். கையிருப்பு மாவுச்சத்தை எல்லாம் அதில் கரைத்துவிடும். வெள்ளம் வடியும்போது நீண்டு, நொந்து, சாய்ந்து கிடக்கும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ வேறு மாதிரி. மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும்.

இந்த நெல்லின் குணம் நெடுநாளாகவே தெரிந்திருந்தது. சாதாரணமாகக் கலந்து எடுத்த ரகங்கள் வெள்ளத்தைத் தாங்கவும் செய்தன. ஆனால் நாட்டு நெல்லின் வேண்டாத குணங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததால் அவை பரவவில்லை. 1990களின் நடுவில் அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் சப்1 என்ற ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 2006ல் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ், டேவிட் மெக்கில் ஆகியோரின் குழு, அந்த இடத்திலிருக்கும் சப்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்று காட்டியது. அதற்குப் பிறகு வேலை சுலபமானது. ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் பயிரிட்டுவந்த ஸ்வர்ணா நெல்லோடு கலந்து, வாரிசை மறுபடி மறுபடி ஸ்வர்ணாவோடே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மார்க்கர் பார்த்து, சப்1 பகுதி மட்டும் இருக்க மற்றதெல்லாம் ஸ்வர்ணாவாக இருக்கும் செடியைப் பிடித்தார்கள். ஸ்வர்ணா-சப்1 2009ல் இந்தியாவில் வெளியானது. சம்பா மசூரி, ஐஆர் 64, பிஆர் 11 என்று மற்ற பெரிய ரகங்களுக்குள்ளும் இதே துண்டு போனது.

ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களிலேயே குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வு 2013ல் வெளிவந்தது. பத்து நாள் மூழ்கிய வயலில் ஸ்வர்ணா-சப்1 சாதாரண ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் விளைந்தது. வெள்ளம் வராத வயலில் இரண்டும் சமம். அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது: வெள்ளப் பயம் குறைந்த விவசாயிகள் உரம் கூடப் போட்டார்கள், அதிக நிலத்தில் பயிரிட்டார்கள், நடவுமுறையைக்கூட மேம்படுத்தினார்கள். வெள்ளமே வராத வருடத்திலும் பலன் கிடைத்தது என்று அர்த்தம்.

ஆனால் எல்லை எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று வாரம் மூழ்கினால் சப்1 காப்பாற்றாது. விதைத்து முளைக்கும் முன்பே தண்ணீர் நின்றால் உதவாது. இடுப்பளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் இடத்தில், நீளாமல் காத்திருக்கும் இந்தக் குணமே எதிரியாகிவிடும். அங்கே வேண்டியது நேர் எதிரான குணம். ஆழ்நீர் நெல்லில் தண்டை வேகமாக நீளவைக்கும் ஸ்நார்கெல் மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் கண்டறிந்தார்கள். வெள்ளம் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி எதிரெதிரான இரண்டு வைத்தியங்கள் இருக்கின்றன.

உப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேரளத்தின் பொக்காளி, வங்கத்தின் நோனா போக்ரா ஆகிய நெல்களில் முதலாவது குரோமோசோமில் ஒரு பகுதி உப்பைச் சமாளிக்க உதவுகிறது. அதிலுள்ள மரபணு, வேரிலிருந்து மேலே ஏறும் நீரில் கலந்துள்ள சோடியத்தை வழியிலேயே திரும்ப உறிஞ்சி, இலைக்குப் போகாமல் தடுக்கிறது என்பது 2005ல் தெளிவானது. ஒரு காட்டுக் கோதுமை உறவிலிருந்து இதே வகை மரபணுவை டுரம் கோதுமைக்குள் கொண்டுவந்தபோது, உப்பு நிலத்தில் மகசூல் 25 சதவீதம் வரை கூடியதாக ஆஸ்திரேலியக் குழு 2012ல் காட்டியது. நெல்லில் சிக்கல் என்னவென்றால், இந்தப் பகுதி நாற்றுப் பருவத்தில்தான் நன்றாக உதவுகிறது. பூக்கும்போது தாக்கும் உப்பைத் தாங்குவது வேறு மரபணுக்களின் வேலை. ஆகவே மார்க்கர் வழி உப்பில் பாதி தூரம் கொண்டுபோய்விடும். மீதிக்கு உப்பு நிலத்திலேயே வைத்துத் தேர்வு செய்ய வேண்டும்.

வறட்சிக்கு வாருங்கள்

வறட்சியில் சப்1 மாதிரி ஒரு மரபணு கிடைக்குமா என்று முப்பது வருடமாகத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை, கிடைக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. வேரின் ஆழம், இலையின் பரப்பு, பூக்கும் நாள், தண்டில் சேமித்த சத்து என்று விளைச்சலைத் தொடும் எல்லாமே வறட்சியில் பேசும். ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள், ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம் கொஞ்சம்.

அதனால் இங்கே முந்தி ஓடியது மிகப் பழைய வழிதான்: வறட்சியை வேண்டுமென்றே உண்டாக்கி, தானியத்தை நிறுத்துப் பார்த்துத் தேர்வு செய்வது. வறண்ட வயலில் மகசூலை வைத்துத் தேர்வு செய்ய முடியாது, வித்தியாசமெல்லாம் மண்ணால் வருவது, மரபால் வருவது குறைவு என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். சோதனையைச் சரியாக நடத்தினால், நன்றாக நீர் பாய்ச்சிய வயலில் எவ்வளவு நம்பகமோ வறண்ட வயலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு நம்பகம் என்று பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2000களில் காட்டியது. அந்த வழியில் ஹசாரிபாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘சஹபாகி தான்’ என்ற நெல் ரகம் 2010ல் இந்தியாவில் வெளியானது.

சரி, சரியாக நடத்துவது என்றால் என்ன? அந்த வயலுக்குள் இறங்கிப் பார்க்கலாம். நட்டு ஒரு மாதம் ஆனதும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் நீளமான, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் நிலத்தில் புதைந்திருக்கும். அதற்குள் குச்சியை விட்டு நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை, வறட்சியைத் தாங்காது என்று நன்றாகத் தெரிந்த ரகத்தை நட்டிருப்பார்கள். அதன் இலை நடுப்பகலில் சுருளத் தொடங்கும். பிறகு காலை எட்டு மணிக்கே சுருண்டு நிற்கும். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே போய், அந்த ரகம் வாடிய பிறகே ஒரு தண்ணீர் விடுவார்கள். அப்புறம் மறுபடி காயவிடுவது. கதிர் வரும் நேரத்தில் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். சில வரிசைகளில் கதிர் முழுதாக வெளியே வந்திருக்கும். சிலவற்றில் கதிரின் அடிப்பகுதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கிடக்கும். உள்ளே மாட்டிய பூக்கள் எல்லாம் பதர். பக்கத்து வயலில் இதே ரகங்கள் முழு நீரில் நிற்கும். இரண்டிலும் அறுத்து, எடை போட்டு, இரண்டிலும் தேறுவதை மட்டும் அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்வார்கள். இதில் நவீனமாக எதுவும் இல்லை. ஆனால் மேடு பள்ளம் இல்லாத நிலம், மழை வராத பருவம், நீரை நிறுத்தவும் விடவும் வசதி, பொறுமையான ஆள் என்று நாலும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஒரு மூலை கொஞ்சம் பள்ளமாக இருந்தால் போதும், அங்கே நின்ற ரகம் எல்லாம் வறட்சி தாங்கியாகப் பெயர் வாங்கிவிடும்.

மக்காச்சோளத்தில் இதே வழி இன்னும் தெளிவான ஒரு தடயத்தைக் கொடுத்தது. செடியின் உச்சியில் ஆண் பூ. நடுத்தண்டில் கதிர், அதன் நுனியில் பட்டு இழைகள். ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்கு உரியது. இழை நீள்வதற்குச் செல்களில் நீர் அழுத்தம் வேண்டும். பூக்கும் சமயத்தில் வறட்சி வந்தால், உச்சியில் மகரந்தம் ஏறக்குறைய சரியான நாளில் கொட்டிவிடும், ஆனால் பட்டு வெளியே வரத் தாமதமாகும். வரும்போது காற்றில் மகரந்தம் தீர்ந்திருக்கும். கதிர் இருக்கும், மணி இருக்காது. இந்த இடைவெளி குறைவாக உள்ள செடிகளையும், வறண்ட வயலில் மணி பிடித்த செடிகளையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்த சிம்மிட் குழுவினர், செடியின் மொத்த எடை கூடாமலேயே வறட்சியில் தானியம் கூடுவதைக் கண்டார்கள். பாஸியூரா கணக்கின் மூன்றாவது எண் இது. பிறகு ஆப்பிரிக்காவில் 13 நாடுகளில் நடந்த வறட்சி தாங்கும் மக்காச்சோளத் திட்டத்தின் அடித்தளமும் இந்த அனுபவம்தான்.

மார்க்கர் வழி வறட்சியில் முற்றிலும் தோற்றுவிட்டதா என்றால் இல்லை. வறட்சியில் நெல் மகசூலைக் கணிசமாகக் கூட்டும் சில பகுதிகள் கிடைத்துள்ளன. ஆனால் அவற்றின் கதை சப்1 கதையைப் போல நேராகப் போவதில்லை. 2007ல் பன்னிரண்டாவது குரோமோசோமில் கண்டுபிடித்த பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சி தாங்கும் வந்தனா ரகத்தையும், தாங்காத வே ராரெம் ரகத்தையும் கலந்தார்கள். நன்மை செய்யும் வடிவம் வந்தது தாங்காத ரகத்திலிருந்து! அது வந்தனாவின் மற்ற மரபணுக்களோடு சேரும்போதுதான் பேசுகிறது. முதலாவது குரோமோசோமில் உள்ள இன்னொரு பகுதி, செடியின் உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கு அடுத்த வீட்டுக்காரர். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, வறட்சியில் உதவும் இந்தத் துண்டும் சேர்ந்தே கழிந்துபோனது என்று 2015ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உயரத்தையும் இந்தத் துண்டையும் பிரித்தெடுக்க ஏராளமான செடிகளில் மார்க்கர் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு மார்க்கர் இல்லாமல் முடியவே முடியாது. கொண்டைக்கடலையில் நாலாவது குரோமோசோமின் ஒரு பகுதியை ஏற்றி உருவாக்கிய பூசா 10216 ரகமும் மார்க்கர் வழியின் நல்ல பலன்தான். ஆக, வறட்சியில் மார்க்கர் பயன்படும். ஆனால் முதலில் வயல், அதற்குத் துணையாக மார்க்கர் என்ற வரிசையில்.

குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவது

மகசூலை அளப்பது செலவு, நேரம் பிடிக்கும். அதற்குப் பதில் ஆழமான வேர் மாதிரி ஒரு நல்ல குணத்தைத் தேர்வு செய்தால் என்ன என்று ஒரு கட்சி உண்டு. வேர்தான் இதற்கு நல்ல உதாரணம், எச்சரிக்கையும்கூட. டிஆர்ஓ1 என்ற மரபணு நெல் வேரைக் கீழ்நோக்கி வளரவைக்கிறது. ஐஆர் 64ல் அது பழுதான வடிவத்தில் இருக்கிறது. கினாண்டாங் பாடோங் என்ற ரகத்திலிருந்து வேலை செய்யும் வடிவத்தை ஏற்றியபோது, வறட்சியில் மகசூல் காப்பாற்றப்பட்டதாக ஜப்பானியக் குழு 2013ல் காட்டியது. அதே குழுவினர் 2020ல் அதன் உறவுக்கார மரபணு ஒன்றைக் கொண்டு வேரை மண்ணின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். உப்பேறிய, மூச்சு முட்டும் சேற்று வயலில் மேல்வேர் விட்ட நெல்தான் அதிகம் விளைந்தது. ஆழ வேரா, மேல்வேரா என்பதற்கு நிலம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டடிக்குக் கீழே பாறை என்றால் ஆழ வேருக்கு என்ன வேலை?

சோளத்தில் பச்சை மாறாத தன்மை என்று ஒன்று உண்டு. எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து வந்த பி35 என்ற வகையில், தானியம் நிரம்பும்வரை இலை பச்சையாகவே இருக்கும். இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று தோண்டினால், விஷயம் இலையிலேயே இல்லை. அந்தச் செடி குறைவாகத் தூர் கட்டுகிறது, பூப்பதற்கு முன்பே இலைப் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது; அதனால் மண்ணில் மிச்சமாகும் ஈரம் கடைசியில் கைகொடுக்கிறது. மழை நின்ற பிறகு, மண்ணில் சேர்ந்திருக்கும் ஈரத்தை வைத்தே பயிர் முடியும் நிலத்துக்கு இது பொன்னான குணம். இடையிடையே மழை பெய்யும் இடத்தில் அதே சிக்கனம் வீண். விடாமல் குடித்த பக்கத்துச் செடி ஜெயிக்கும். ஆஸ்திரேலியாவின் டிரைஸ்டேல் கோதுமை இந்த வகையில் உருவான இன்னொரு வெற்றி. இலையிலுள்ள கார்பன் ஐசோடோப்பின் விகிதத்தை அளந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அதிக எடை சேர்க்கும் செடிகளைத் தேர்வு செய்தார்கள், 2002ல் வெளியானது. இடம் எவ்வளவு வறண்டதோ, அதன் அனுகூலம் அவ்வளவு அதிகம்.

குண வழியில் போகிறவர்கள் தங்கள் இடத்தின் வறட்சி எந்த மாதிரி என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அறியாதவர்கள் பத்து வருடம் கழித்து அடுத்த ஊர்க்காரருக்கு நல்ல ரகம் கொடுப்பார்கள்.

மரபணு மாற்றமும் திருத்தமும்

இங்கே கொள்கைச் சண்டையை ஒதுக்கிவிட்டு, முடிவெடுக்கத் தேவையானதை மட்டும் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்குள் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய டிரௌட்கார்ட் ரகங்களுக்கு 2011 கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதிக்கான மதிப்பீட்டிலேயே அந்நாட்டு வேளாண் துறை ஒன்றைக் குறிப்பிட்டது: வறட்சியில் இது குறைக்கும் இழப்பு, வழக்கமான முறையில் உருவான வட்டார ரகங்களிடையே ஏற்கெனவே இருக்கும் வித்தியாசத்தைத் தாண்டவில்லை. அதே சமயத்தில் கடைக்கு வந்த, மரபணு மாற்றம் இல்லாமல் தேர்வு மூலமே உருவான அக்வாமேக்ஸ் வீரிய ஒட்டுகள், ஆயிரக்கணக்கான பண்ணை ஒப்பீடுகளில் தண்ணீர் குறைந்த நிலத்தில் சுமார் 6.5 சதவீதம் கூட விளைந்தன. இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நின்றன. அமெரிக்க மக்காச்சோளப் பரப்பில் வறட்சி தாங்கும் ரகங்களின் பங்கு 2012ல் 2 சதவீதம், 2016ல் 22 சதவீதம். இந்தப் பாய்ச்சலில் இரண்டு வழிக்கும் பங்கு உண்டு.

சூரியகாந்தி மரபணு ஏற்றிய எச்பி4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020ல் அனுமதி கொடுத்தது. அர்ஜென்டினாவின் கோதுமையை அதிகம் வாங்கும் பிரேசில் ஒத்துக்கொண்ட பிறகு, 2022ல்தான் விற்பனைக்கு வழி திறந்தது. அதை உருவாக்கியவர்கள் வறட்சியில் 20 சதவீதம் வரை கூடும் என்கிறார்கள். இந்த வழியின் உண்மையான செலவு அந்த இடைவெளியில் தெரிகிறது. 2011ல் நடந்த ஒரு தொழில்துறைக் கணக்கெடுப்பின்படி, ஒரு மரபணு மாற்றக் குணத்தைக் கண்டுபிடிப்பிலிருந்து சந்தைக்குக் கொண்டுவரச் சராசரியாக 13 ஆண்டும் 13.6 கோடி டாலரும் ஆகின்றன. சிறிய நிலையத்துக்கு இது கட்டுப்படியாகாது. வெளியிலிருந்து எவராவது முழுச் செலவையும் ஏற்றால் பேசலாம்.

திருத்தம், அதாவது செடியின் சொந்த மரபணுவையே ஆய்வகத்தில் மாற்றுவது, வேறு கணக்கு. வெளி மரபணு எதுவும் கடைசிச் செடியில் மிஞ்சாத திருத்தங்களுக்குப் பல நாடுகள் விதியைத் தளர்த்தியுள்ளன. அர்ஜென்டினா 2015லேயே, இந்தியா 2022ல். ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல் எதிர்த்திசையில் தீர்ப்புச் சொன்னது. பிறகு அங்கும் சட்டத்தை மாற்றும் முயற்சி தொடங்கியது. 2025 மே மாதம் இந்தியா அறிவித்த இரண்டு திருத்த நெல்களில் ஒன்றான பூசா டிஎஸ்டி ரைஸ் 1ல், வறட்சி, உப்பு இரண்டிலும் செடியைக் கட்டிப்போடும் டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். முடக்குவதுதான் திருத்தத்தின் பலம், எல்லையும்கூட. ஒரு தடையை நீக்கினால் போதும் என்றால் அருமையான கருவி. வறட்சியில் அப்படிப்பட்ட தடை மரபணுக்கள் கொஞ்சம்தான் தெரியவந்திருக்கின்றன. இந்த நெல் பல பருவங்கள் பல மண்ணில் விவசாயிகள் கையில் ஓடிய பிறகுதான் மற்றவர்கள் இந்த வழியில் தங்கள் பணத்தைப் போடுவது புத்திசாலித்தனம்.

வேகப்படுத்தும் கருவிகள்

மரபணுத் தொகுதி முழுவதிலும் ஆயிரக்கணக்கான மார்க்கர்களைப் பார்த்து, வயலில் நடாமலேயே ஒரு செடியின் மகசூலைக் கணிக்கும் முறையை மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் மூவரும் 2001ல் முன்வைத்தார்கள். பல சிறு மரபணுக்கள் சேர்ந்து செய்யும் குணத்துக்கு இது நன்றாகப் பொருந்தும், வறட்சியும் அப்படித்தான். ஆனால் கணிப்பைக் கற்றுக்கொடுக்க, சில நூறு ரகங்களை நிஜமான வறட்சி வயலில் நட்டு அளந்த தரவு வேண்டும். மேலே சொன்ன பள்ளமான மூலை இங்கேயும் வந்து நிற்கும். கணினி அதையும் பக்தியோடு கற்றுக்கொள்ளும்.

ஒரு நாளில் 22 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, கோதுமையையும் கொண்டைக்கடலையையும் வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை வளர்க்கும் விரைவு இனப்பெருக்க முறையை ஆஸ்திரேலியாவில் செம்மைப்படுத்தினார்கள். தலைமுறை ஓட்ட அருமையான வழி. அதற்குள் வைத்து வறட்சியைச் சோதிக்க முடியாது. நெல் போலப் பகல் நேரம் குறைந்தால் பூக்கும் குறும்பகல் பயிருக்கு அதே வெளிச்சக் கணக்கும் ஒத்துவராது.

ஒரே ரகம் வேண்டுமா என்பதே ஒரு கேள்வி

சிரியாவில் இருந்த பன்னாட்டு வறண்ட நில ஆராய்ச்சி மையத்தில் பார்லி வேலை செய்த சல்வதோரே செக்கரெல்லி ஒரு விஷயத்தை விடாமல் சொன்னார்: வளமான ஆராய்ச்சிப் பண்ணையில் முதலிடம் வாங்கும் வகைகள், வறண்ட நிலத்தில் நாட்டுப் பார்லியிடம் தோற்கின்றன. அதனால் தேர்வை விவசாயிகளின் வயலிலேயே, அவர்களோடு சேர்ந்தே செய்ய வேண்டும். வல்லுநர் கவனிக்காத வைக்கோலின் உயரமும் மென்மையும் ஆடு வளர்ப்பவரின் கண்ணில் முதலில் பட்டுவிடும். ஒரு படி மேலே போய், பல ரகங்களைக் கலந்து, பிரித்துத் தேர்வு செய்யாமல் மொத்தமாக வருடா வருடம் விதைத்து, இயற்கையே வடிகட்ட விடும் முறையும் உண்டு. அமெரிக்காவில் 1929ல் தொடங்கிய பார்லிக் கூட்டுக் கலப்புகளின் அனுபவத்தை வைத்து, சூன்சன் என்ற ஆய்வாளர் 1956ல் இதற்குப் பரிணாமப் பயிர் இனப்பெருக்கம் என்று பெயரிட்டார். மழை எப்படி மாறும் என்றே தெரியாத இடத்துக்கு, மிகக் குறைந்த பணமுள்ள குழுவுக்கு, எனக்கு இது மிகவும் பிடித்த வழி. தடை ஒன்றுதான்: பெரும்பாலான விதைச் சட்டங்கள் ஒரே சீரான ரகத்தைத்தான் பதிவு செய்யும். ஐரோப்பாவின் இயற்கை வேளாண் விதி 2022 முதல் இத்தகைய கலவை விதையை விற்க வழிவிட்டிருக்கிறது.

எங்கே தொடங்குவது

வெள்ளம் பத்துப் பதினைந்து நாளில் வடியும் இடமென்றால் யோசிக்கவே வேண்டாம்: மக்கள் ஏற்கெனவே பயிரிடும் ரகத்துக்குள் சப்1 ஏற்றுங்கள், அல்லது ஏற்றியதை வாங்கிச் சோதியுங்கள். உப்பு என்றால் மார்க்கரோடு தொடங்கி, பூக்கும் பருவத் தேர்வை உப்பு வயலில் முடியுங்கள். கடைசிப் பருவ வறட்சிக்கு முதலில் வயது குறைந்த ரகங்களை வரிசையாகப் பாருங்கள். அதுவே பிரச்சினையைத் தீர்த்துவிட்டால் மற்ற எதற்கும் செலவு செய்ய வேண்டாம். பூக்கும் பருவத்தில் வரும் வறட்சி என்றால் நீரைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு வயலை உருவாக்கி, மகசூலை வைத்துத் தேர்வு செய்யுங்கள்; மூன்று நான்கு வருடத் தரவு சேர்ந்த பிறகு மார்க்கரையும் கணிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். மழையே கணக்கில் அடங்காத இடம், பணமும் இல்லை என்றால் விவசாயிகளோடு கலவையில் இறங்குங்கள். மரபணு மாற்றத்துக்கு இந்த வரிசையில் நான் இடம் கொடுக்கவில்லை. திருத்தத்துக்கு இன்னும் சில வருடம் கழித்து ஒரு நாற்காலி போடலாம்.

எந்த வழியில் போனாலும், முழு நீர் பாய்ச்சிய பக்கத்து வயலின் எடையைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. நல்ல மழை வருடங்களில் பக்கத்து வயலைவிடக் குறைவாக விளையும் ரகத்தை, வறட்சி வரும் வருடத்துக்குள் விவசாயி மாற்றிவிட்டிருப்பார். அதனால் புதிய ரகம் வழக்கமான ரகத்தைவிட நல்ல நீரில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அடுத்த சுற்றுக்கு அனுப்புவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எண் ஐந்தா மூன்றா என்பதை அவரவர் இடத்தில் வறட்சி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது இருபது வருட மழைப் பதிவு வேண்டும். வார வாரமாகப் பிரித்தது, பயிர் பூக்கும் வாரத்தைத் தனியாகக் குறித்தது.